கல்லூரி வெண்டிங் மெஷின்கள்: கமிஷனை மட்டும் பார்த்து ஒப்பந்தம் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் சில ஆண்டுகளாக வெண்டிங் மெஷின்கள் வேகமாக வந்துவிட்டன. நூலக வாசலில் சிப்ஸ், பிஸ்கட் மெஷின். துறை அலுவலகத்தில் காபி மெஷின். மாணவியர் கழிவறையில் நாப்கின் மெஷின். வந்த வேகத்திலேயே பலவற்றின் கண்ணாடியில் 'வேலை செய்யவில்லை' என்று தாள் ஒட்டப்படுகிறது. இவற்றை நிறுவி, சரக்கு நிரப்பி, பழுது பார்ப்பது எங்கள் தொழில். மெஷின் மட்டமாக இருந்ததால் நின்றுபோனவை குறைவு. நிற்பதற்கான காரணம் பெரும்பாலும் கல்லூரி கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. புதிய கல்வியாண்டுக்கு ஒப்பந்தம் போடப்போகும் நிர்வாகங்களின் பார்வைக்குப் போகட்டும் என்று இதை எழுதுகிறோம்.

முதல் கோளாறு கமிஷன். மாத விற்பனையில் யார் அதிகச் சதவீதம் தருகிறாரோ அவருக்கே இடம் என்று முடிவு செய்கிறார்கள். பத்து ரூபாய் சிப்ஸ், பிஸ்கட்டில் சில்லறை விற்பனைக்குக் கிடைக்கும் லாபம் பெரும்பாலும் பத்து, பதினைந்து சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும். அதில் பாதிக்கு மேல் கல்லூரிக்குப் போய்விட்டால், சரக்கு நிரப்ப வரும் பையனின் சம்பளம், பெட்ரோல், சிம் கார்டு கட்டணம், பேமென்ட் கேட்வே (ஆன்லைன் பணத்தை வாங்கித் தரும் சேவை) செலவு எல்லாவற்றையும் மீதியில்தான் சமாளிக்க வேண்டும். வாரம் மூன்று முறை வர வேண்டியவர் ஒரு முறை வருவார். இருபது ரூபாய் என்று அச்சிட்ட தண்ணீர் பாட்டிலுக்கு மெஷினில் இருபத்தைந்து என்று விலை ஏற்றுவார். 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்பது குற்றம். கூலிங் சார்ஜ், மெஷின் சார்ஜ் என்று எந்தப் பெயர் சொன்னாலும் செல்லாது. நம் மாநிலத்தில் இதைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை. மாணவர்கள் அங்கே புகார் தரலாம். ஆனால் அந்த நிலைக்குத் தள்ளியதில் கமிஷனை ஏற்றிக் கேட்ட கல்லூரிக்கும் பங்கு உண்டு. மின்சாரத்துக்குச் சப்-மீட்டர் வைத்து ஆன செலவை வாங்கிக்கொண்டு, கமிஷனைக் குறைத்துவிடுங்கள். குளிரூட்டும் மெஷின் ஒன்று நாளொன்றுக்கு 5 முதல் 8 யூனிட் வரை எடுக்கும். விட்டுக்கொடுத்த கமிஷனுக்கு ஈடாகச் சேவையை எழுத்தில் வாங்குங்கள்.

மாணவர்களிடமிருந்து அதிகம் வரும் புகார் இது: பணம் போய்விட்டது, பொருள் விழவில்லை. இதற்குள் இரண்டு வேறு சிக்கல்கள் உள்ளன. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பணம் திரும்புவதில்லை.

ஒன்று, பணப்பரிமாற்றச் சிக்கல். கணக்கில் பணம் கழிந்திருக்கும். உறுதிச் செய்தி விற்பனையாளருக்கு வந்து சேர்ந்திருக்காது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட உத்தரவின்படி, யுபிஐ வழியாக வணிகருக்குச் செலுத்தியதில் இப்படி நடந்தால் பரிமாற்ற நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதற்கு வங்கியையோ யுபிஐ செயலியையோ கேட்க வேண்டும்.

மற்றொன்றில் வங்கிக்கு வேலையே இல்லை. பணம் முறையாக விற்பனையாளர் கணக்குக்குப் போயிருக்கும். மெஷின் பொருளைத் தந்திருக்காது. வங்கியின் கணக்கில் இது வெற்றிகரமான பரிமாற்றம், எனவே எத்தனை நாள் காத்திருந்தாலும் தானாகத் திரும்பாது. மெஷின்காரர்தான் திருப்ப வேண்டும்.

இது ஏன் நடக்கிறது? சுருள் கம்பி மெஷினில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மோட்டார். பொருளைத் தேர்ந்து பணம் கட்டியதும் கம்பி ஒரு முழுச் சுற்று சுற்றும், முன்னால் இருக்கும் பொட்டலம் கீழே விழும். பொட்டலம் கம்பியில் மாட்டித் தொங்கிவிட்டாலும், மோட்டார் சுற்றிவிட்டது என்பதால் விற்பனை முடிந்ததாகவே மெஷின் எடுத்துக்கொள்ளும். இதைத் தடுக்கத்தான் பொருள் விழும் இடத்தில் அகச்சிவப்புக் கதிர் சென்சார் (டிராப் சென்சார்) வைக்கிறார்கள். எதுவும் விழவில்லை என்றால் கம்பி இன்னும் கொஞ்சம் சுற்றும். அப்போதும் விழாவிட்டால் பணம் திரும்ப உத்தரவு போகும். சில மெஷின்களில் இந்தச் சென்சாரே இல்லை. சிலவற்றில் இருந்தும், தூசி படிந்து அடிக்கடி தப்பாகக் காட்டுகிறது என்று மெனுவில் அணைத்துவைத்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்தால் தீர்கிற விஷயம் அது. ஒப்பந்தத்தில் 'டிராப் சென்சார் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும், அது பேமென்ட் கேட்வேயுடன் இணைந்து தானாகப் பணம் திருப்ப வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மெஷினை ஒப்படைக்கும் நாளில் காலியான ஒரு வரிசையை வேண்டுமென்றே தேர்ந்து பணம் கட்டிப் பாருங்கள். திரும்பி வந்தால் மட்டும் ஒப்புதல் கையெழுத்துப் போடுங்கள்.

மெஷின்மேல் ஒட்டிய க்யூஆர் ஸ்டிக்கரை ஏற்காதீர்கள். அதில் கட்டும் பணம் எந்த மெஷினுக்கு, எந்தப் பொருளுக்கு என்று தெரியாது. ஒவ்வொரு விற்பனைக்கும் திரையில் புதிதாக வரும் க்யூஆர்தான் வேண்டும். அதற்கும் ஒரு ஆயுள் உண்டு; ஒன்றிரண்டு நிமிடத்தில் காலாவதியாகும். கான்கிரீட் கட்டடத்தின் தரைத்தளத்தில் சிக்னல் பலவீனமாக இருந்தால், பணம் வந்த செய்தி மெஷினை எட்டும் முன் அது அந்த விற்பனையை ரத்து செய்துவிடும். மெஷின் வைக்கும் முன் அந்த இடத்தில், எல்லோரும் போன் பார்க்கும் இடைவேளை நேரத்தில், சிக்னலைச் சோதியுங்கள். தேவைப்பட்டால் ஆன்டெனாவைக் கேபிள் போட்டு ஜன்னலுக்கு வெளியே கொண்டுபோகலாம். இரண்டு நிறுவனங்களின் சிம் போடும் மோடம் இன்னும் நல்லது. மின்சாரம் போகும் நொடியில் நடுவில் நிற்கும் பணமும் இந்தக் கணக்கில்தான் சேரும். கம்ப்ரசருக்கு வேண்டாம்; கட்டுப்பாட்டு போர்டுக்கும் மோடத்துக்கும் மட்டும் சிறிய யுபிஎஸ் ஒன்று போதும்.

புகார் தரும் மாணவர்கள் மெஷின் எண், வரிசை எண், நேரம், யுபிஐயின் 12 இலக்கப் பரிமாற்ற எண் ஆகிய நான்கையும் அனுப்பினால் பத்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். 'காசு போச்சு' என்ற ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு தேடுவதில்தான் நாள் போகிறது. இந்த விவரங்களைக் கேட்டு மெஷினிலேயே தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்.

இந்தப் பகுதியில் மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டிய இன்னொன்று: வகுப்பு நேரத்தில் செல்போனுக்கு அனுமதி தராத தனியார் கல்லூரிகள் இங்கே பல. அதே வளாகத்தில் யுபிஐ மட்டும் ஏற்கும் மெஷினைக் கொண்டுவந்து வைக்கிறார்கள்! அங்கே அடையாள அட்டையிலேயே பணம் ஏற்றித் தேய்க்கும் ஏற்பாடு வேண்டும். அட்டையில் மீதமிருக்கும் தொகையைப் படிப்பு முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது திருப்பித் தர வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதாத இடங்களில் அந்தச் சில்லறை யாருக்கும் திரும்பியதில்லை. நாணயம் ஏற்கும் மெஷின் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பத்து ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இலேயே தெளிவுபடுத்திவிட்டது. நாணயம் அறியும் கருவிக்கு அத்தனை வடிவத்தையும் கற்றுத்தராவிட்டால் நல்ல காசையே துப்பும்.

பொட்டலம் கம்பியில் மாட்டுவதற்குச் சரக்கு நிரப்பும் முறைதான் பெரும்பாலும் காரணம். கம்பியின் இரண்டு வளையங்களுக்கு இடையே உள்ள இடைவெளியைவிடப் பொட்டலம் சற்றே மெலிந்ததாக இருக்க வேண்டும். தடித்தால் இறுகும், மிக மெலிந்தால் சாய்ந்து படுத்து, இரண்டு சேர்ந்து விழும் அல்லது எதுவுமே விழாது. ஒரு பொருள் மாறினால் கம்பியையும் மாற்ற வேண்டும். நடைமுறையில் பிஸ்கட் தீர்ந்துபோனால் அதே கம்பியில் சிப்ஸைத் திணித்துவிட்டுப் போகிறார்கள். நீலகிரிக் கல்லூரிகளில் இது இன்னும் மோசம். சமவெளியில் அடைத்த சிப்ஸ் பாக்கெட், 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊட்டிக்குப் போனதும் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் தலையணை மாதிரி உப்பிவிடும். கோவையில் ஓடிய அதே கம்பி அங்கே ஓடாது. அகலமான வளையம் போட வேண்டும், வரிசைக்கு எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.

விற்க விற்கப் பொட்டலங்கள் முன்னால் நகரும், காலியிடம் பின்னால் உண்டாகும். டிரேயை முழுதாக வெளியே இழுத்துப் பின்பக்கம் புதுச் சரக்கை வைத்தால் பழையது முதலில் போகும். அவசரத்தில் பழையதைப் பின்னால் தள்ளிவிட்டுப் புதியதை முன்னால் வைத்தால், காலாவதியான பொட்டலம் என்றாவது ஒருநாள் முன்வரிசைக்கு வந்துசேரும். பொங்கல், தீபாவளி, செமஸ்டர் விடுமுறைக்கு முன் குறைந்த ஆயுள் உள்ள பொருட்களை எடுத்துவிட வேண்டும். விடுமுறை கழிந்து கதவு திறக்கும் வாரத்தில்தான் இந்தப் புகார் அதிகம் வருகிறது.

மெஷினை எங்கே வைப்பது? கேன்டீனுக்குப் பக்கத்தில் வைக்கக் கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறோம். யுபிஐயில் ஒருவர் பொருள் தேர்ந்து, ஸ்கேன் செய்து, எடுத்துக்கொள்ள முப்பது, நாற்பது நொடி ஆகும். இருபது நிமிட இடைவேளையில் ஒரு மெஷின் முப்பது பேருக்குச் சற்று மேல்தான் தர முடியும். ஆயிரக்கணக்கில் மாணவர்கள் இறங்கி வரும் நேரத்தில் கேன்டீன் அண்ணனின் கைக்கு அது ஈடாகாது. கேன்டீன் மூடிய பிறகு, மாலை ஆறு மணிக்கு மேல் விடுதியிலும், நூலகத்திலும், ஆய்வகக் கட்டடத்திலும்தான் மெஷினுக்கு வேலை. மேற்கு வெயில் நேராக அடிக்கும் வராந்தா வேண்டாம். பல மெஷின்கள் 32 டிகிரி சூழலுக்குக் கணக்கிட்டுச் செய்தவை. சித்திரை வெயிலில் ஈரோடு, கரூர், சேலம் பக்கம் 40 டிகிரியைத் தொடும்போது கம்ப்ரசர் ஓயாமல் ஓடிச் சூடேறி நிற்கும், சாக்லேட் உள்ளேயே உருகி உறைக்குள் ஒட்டும். பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். திருப்பூர், பெருந்துறை, கரூர் பக்கம் காற்றில் பஞ்சுத் தூசி அதிகம். மெஷினின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரில் கம்பளி போர்த்தியது போல் படியும். மற்ற ஊர்களில் மாதம் ஒருமுறை போதுமானது இங்கே பதினைந்து நாளுக்கு ஒருமுறை தேவை. பிரஷ்ஷும் வேக்வம் கிளீனரும் போதும், ஆளும் அரைமணி நேரமும்தான் வேண்டும். 250 கிலோவுக்கு மேல் எடையுள்ள மெஷின் என்பதால் கதவின் அகலம், சரிவுப் பாதை, தரை மூன்றையும் முன்பே அளந்துவிடுங்கள். 16 ஆம்பியர் பாயின்ட், நல்ல எர்த்திங், ஸ்டெபிலைசர் இவற்றைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காபி, டீ மெஷின்களைக் கெடுப்பது தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் வரும் வளாகத்தில் ஆண்டுக்கணக்கில் ஓடும் பாய்லர், போர் தண்ணீரில் சில மாதங்களில் சுண்ணாம்பு கட்டிவிடுகிறது. ஹீட்டர் மேல் கட்டிய படிவம் சூட்டைத் தண்ணீருக்கு விடாது, ஹீட்டர் எரிந்துபோகும். உடைந்த துணுக்கு வால்வில் சிக்கினால் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். அதற்காக ஆர்ஓ தண்ணீரை அப்படியே கொடுப்பதும் தவறு. பல பாய்லர்களில் நீர்மட்டத்தை அறிவது மின்கடத்தும் கம்பி. தண்ணீரில் உப்பே இல்லாவிட்டால் மின்சாரம் பாயாது. பாய்லர் நிறைந்திருந்தாலும் காலி என்று நினைத்துப் பம்ப் ஓடி வழியவிடும். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) 80 முதல் 150க்குள் இருக்கும்படி ஆர்ஓவின் கலப்பு வால்வைத் திருப்பி வையுங்கள். படிவம் நீக்க லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, வெதுவெதுப்பாக்கி, அரைமணி நேரம் ஊறவிட்டு வடித்து, மூன்று முறை நல்ல தண்ணீர் நிரப்பி அலசினால் போதும். கழிவறை ஆசிட்டை ஊற்றும் ஆட்கள் இருக்கிறார்கள். பாய்லர் அரித்துவிடும், குடிப்பவர் உடம்புக்கும் கேடு.

பால்பவுடர் கலக்கும் கிண்ணத்தைத் தினமும் சுடுநீர் விட்டு அலசி, இரவில் கழற்றிக் கழுவிக் காயவைக்க வேண்டும். ஒருநாள் விட்டால் புளித்த வாடை வரும். காபி தண்ணியாக இருக்கிறது என்ற புகாருக்கு ஒரு எளிய சோதனை உண்டு. தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டு, காய்ந்த டம்ளரில் ஐந்து முறை பவுடரை மட்டும் விழவைத்துத் தராசில் எடை போட்டு, ஐந்தால் வகுத்துப் பாருங்கள். 100 மில்லி கோப்பைக்கு 12 முதல் 15 கிராம் விழ வேண்டும். ஒன்பது, பத்து கிராம் என்று காட்டினால் செட்டிங்கில் கை வைத்திருக்கிறார்கள். பிரீமிக்ஸ் (பால்பவுடர், சர்க்கரை எல்லாம் முன்பே கலந்த பவுடர்) பையின் பின்புறப் பட்டியலையும் படியுங்கள். எடையில் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. முதலில் சர்க்கரை என்று இருந்தால், பிள்ளைகள் குடிக்கும் பவுடரில் மற்ற எதையும்விட அதிகம் இருப்பது சர்க்கரைதான். சர்க்கரை இல்லாத பவுடருக்கு மெஷினுக்குள் ஒரு கேனிஸ்டர் (பவுடர் டப்பா) கட்டாயம் ஒதுக்குங்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட பொருள் என்பது பல கல்லூரிகளுக்கு நினைவில் இல்லை. குழாய் முனையை உயர்த்தி வைத்தால் சொந்த டம்ளரையே வைத்துப் பிடிக்கலாம். டம்ளர் கொண்டுவருபவருக்கு ஒரு ரூபாய் குறைத்தால் பழகிவிடுவார்கள்.

என்ன விற்பது என்பதிலும் கல்லூரிக்குப் பொறுப்பு உண்டு. கல்லூரி வளாகங்களில் நொறுக்குத் தீனியைத் தவிர்க்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2016இலும் 2018இலும் சுற்றறிக்கை அனுப்பியது. ஆவின் மோர், வறுகடலை, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையில் பிடித்த எள்ளுருண்டை, கம்பு உருண்டை எல்லாம் மெஷினில் நன்றாகவே ஓடும். சுயஉதவிக் குழுக்களின் சரக்கு ஓடாமல் போவதற்குக் காரணம் ருசி அல்ல, பொட்டலம். தளர்வான கவரில் உருண்டைகள் ஒருபக்கம் சேர்ந்து பொட்டலம் கவிழ்ந்துவிடும். உள்ளே ஒரு அட்டை வைத்து, அடிப்பாகம் தட்டையாக நிற்கும்படி, ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் அடைத்தால் போதும். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண், தயாரித்த தேதி, விலை எல்லாம் அச்சில் இருக்க வேண்டும். மெஷின் நடத்துபவருக்கும் அப்படி ஒரு எண் உண்டு. அது மெஷின்மேல் கண்ணில் படும்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக நாப்கின் மெஷின். மலிவு விலை நாப்கின் தயாரிக்கும் இயந்திரத்தை உருவாக்கி 2016இல் பத்மஸ்ரீ பெற்ற அருணாசலம் முருகானந்தத்தின் ஊர் கோவை. இங்குள்ள வளாகங்களில் நாப்கின் மெஷின் காலியாகத் தொங்குவது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. சிப்ஸ் மெஷின் நின்றால் யாருக்கும் பெரிய நட்டமில்லை. இது நின்றால் அந்த நேரத்தில் அந்தப் பெண் என்ன செய்வாள்? பெரும்பாலும் மெஷின் பழுதாவதில்லை, நிரப்ப ஆள் இருப்பதில்லை. சிறிய மெஷினில் 25 முதல் 50 நாப்கின்தான் பிடிக்கும். அதை மாதம் ஒருமுறை நிரப்பினால் எப்படிப் போதும்? கழிவறைக்குள் ஈரம் ஏறும் சுவரில் மாட்டாமல், கைகழுவும் இடத்துக்கு வெளியே உலர்ந்த சுவரில் மாட்டுங்கள். ஈரத்தில் பொட்டலம் உப்பிச் சிக்கும். ஒரே தடிமன் உள்ள ஒரே வகையை மட்டும் நிரப்புங்கள். ஐந்து ரூபாய் நாணயம் கேட்பதைவிடப் பொத்தானை அழுத்தினால் தரும்படி அமைப்பது மேல். அவசரத்தில் யாரிடம் நாணயம் இருக்கும்? பயன்படுத்திய நாப்கினை எரிக்க அதனுடன் வைக்கும் எரிப்பான் சூடேற நேரம் எடுக்கும். ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் வேகாமல் புகையும். புகைபோக்கி கட்டாயம் வெளிச்சுவரைத் தாண்டிப் போக வேண்டும், சாம்பல் தட்டை வாரம் இருமுறை காலி செய்ய வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில் எரிப்பான் வேண்டாம். தனிப் பையில் சேர்த்து மாநகராட்சி, நகராட்சி வண்டியில் தனியாகக் கொடுப்பதே பாதுகாப்பு. மெஷின் சாவி அலுவலகப் பீரோவில் பூட்டிக் கிடப்பதால் நிரப்ப வந்தவர் திரும்பிப்போவது இன்றும் நடக்கிறது. ஒரு சாவி தூய்மைப் பணி அக்காவிடமும், இன்னொன்று விடுதிக் காப்பாளர் அம்மாவிடமும் இருக்கட்டும். நிரப்பிய தேதியை மெஷின் பக்கத்திலேயே எழுதிவைக்க ஒரு அட்டையைத் தொங்கவிடுங்கள்.

இப்படிக்கு,
வெண்டிங் மெஷின் பராமரிப்புப் பணியாளர்கள்,
பீளமேடு, கோயம்புத்தூர்.